குமிழா, தொடுதிரையா: வாங்குவதற்கு முன் ஒரு ஒப்பீடு

ஆறு வருடம் உழைத்த வாஷிங் மெஷின் போன மாதம் நின்றுபோனது. பார்க்க வந்த மெக்கானிக் பின்தகட்டைக் கழற்றி, மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மோட்டார் நல்லா இருக்கு. டிரம் நல்லா இருக்கு. போர்டு போயிடுச்சு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லை.” உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு ஒன்று கருகியதால், இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய மோட்டாரையும் துருப்பிடிக்காத டிரம்மையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டும். எனக்கு மனசே வரவில்லை.

அக்கா வீட்டில் இருப்பது பதினான்கு வருடப் பழைய இரட்டைத் தொட்டி மெஷின். துவைக்க ஒரு குமிழ், பிழிய ஒரு குமிழ். இத்தனை வருடத்தில் ஒருமுறை பெல்ட் மாற்றினார்கள், ஒருமுறை கெப்பாசிட்டர் மாற்றினார்கள். இரண்டு முறையும் அன்றைக்கே வேலை முடிந்து மறுபடி ஓடியது.

ஆகவே புதிதாக வாங்குமுன் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மெஷினில் தொடங்கியது பூட்டுக்கும் காருக்கும் வீட்டுப் படங்களுக்கும் போய்விட்டது. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: எளிய, பழைய வகையா, நவீனமானதா?

விளம்பர அட்டையில் இருக்கும் ஒப்பீடு எனக்கு அவ்வளவாக உதவவில்லை. எத்தனை வாஷ் புரோகிராம், எந்தச் செயலியோடு இணையும் என்பதெல்லாம் எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளின் கணக்கு. எனக்குத் தெரிய வேண்டியது கெட்ட நாளின் கணக்கு. இது பழுதானால் எப்படிப் பழுதாகும்? முழுசாக நிற்குமா, பாதியாவது வேலை செய்யுமா? யார் சரிசெய்வார்? என் கையில் இருக்கும் இந்தப் பொருளை நிறுத்துகிற அதிகாரம் வேறு யாரிடமாவது இருக்கிறதா? இந்தக் கேள்விகளை வைத்துத்தான் கீழே உள்ளவற்றைப் பார்த்தேன்.

முதலில் வாஷிங் மெஷின்.

இரட்டைத் தொட்டி மெஷினின் டைமரைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாவி கொடுக்கும் பொம்மையின் உட்புறம் போல இருக்கும். குமிழைத் திருகும்போது உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது. விட்டதும் அந்த வில் மெல்ல விரிய, பற்சக்கரங்கள் அதன் வேகத்தை அளந்து விடுகின்றன. டிக் டிக் என்று கேட்பது அந்தச் சத்தம்தான். பற்சக்கரத்தோடு சேர்ந்து மேடுபள்ளமான ஒரு சிறு வட்டு சுற்றுகிறது. மேடு வரும்போது ஒரு செப்புத் தகடு தொட்டு மோட்டார் ஒரு பக்கம் சுழலும். பள்ளத்தில் இறங்கும்போது தகடு விலகி மோட்டார் ஓய்வெடுக்கும். அடுத்த மேட்டில் எதிர்ப்பக்கம் சுழலும். வில் முழுக்க விரிந்து குமிழ் பூஜ்யத்துக்கு வந்தால் எல்லாம் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் மூளை. கழற்றி வைத்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கவைத்துவிடலாம். நடுவில் கரண்ட் போனாலும் பிரச்சினை இல்லை. மறுபடி வரும்போது குமிழ் எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்து மிச்சத்தை முடிவு செய்துகொள்ளலாம்.

தொடுபலகையும் வைஃபையும் உள்ள மெஷினில் இதே வேலையை ஒரு சிப் செய்கிறது. சிப் துல்லியமாகத்தான் செய்கிறது. துணியின் எடையைக் கணித்து அதற்கேற்பத் தண்ணீர் எடுக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மோட்டார் சத்தமில்லாமல் ஓடும். முன்பக்கக் கதவுள்ள மெஷின் தண்ணீரைக் கணிசமாக மிச்சம் பிடிக்கும். இவையெல்லாம் உண்மையான லாபங்கள். குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஈரம், அதிர்வு, சூடு, ஏறி இறங்கும் மின்னழுத்தம் என எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாத அத்தனையும் ஒன்றுசேரும் இடம் வாஷிங் மெஷின். அங்கே போய் ஒரே ஒரு போர்டை வைத்து, அது போனால் மொத்தமும் போச்சு என்று கட்டினால், கெட்ட நாள் வரத்தான் செய்யும். அந்த போர்டும் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். பெல்ட்டும் கெப்பாசிட்டரும் அப்படியில்லை. அளவு சரியாக இருந்தால் எந்த நிறுவனத்துடையதும் பொருந்தும்.

துணி துவைத்து முடிந்ததும் போனுக்குச் செய்தி வருவதை நன்மைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன். துணியைப் போடவும் எடுக்கவும் ஆள் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்? என் கணக்கில் அதற்கு மதிப்பெண் இல்லை.

இரட்டைத் தொட்டியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அள்ளிப் போட வேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது நடுவழி: முழுத் தானியங்கி மெஷினே வாங்குங்கள், ஆனால் குமிழோ அழுத்தும் பொத்தானோ உள்ள, இணைய இணைப்பு இல்லாத, சந்தையில் சில வருடம் ஓடிய மாடலாகப் பாருங்கள். போர்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதே போர்டு பல ஆயிரம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும், உதிரிபாகம் கிடைக்கும், அது எங்கே மக்கர் பண்ணும் என்பதும் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பொருளின் உள்ளே நடப்பது முழுக்கத் தெரிந்திருந்தால் பழுதுபார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வாயேஜர் 1. 1977-இல் ஏவப்பட்ட விண்கலம். அதன் மூன்று கணினிகளின் நினைவகத்தையும் கூட்டினால் 70 கிலோபைட் அளவுக்குத்தான் வரும். 2023 நவம்பரில் அது அனுப்பிய தகவல்கள் அர்த்தமில்லாமல் போயின. ஒரு சிப் கெட்டுவிட்டது என்று பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 24 பில்லியன் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கலத்தில் சிப்பை மாற்ற முடியாது. அங்கே ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்ட சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி புரியும்படி பேசத் தொடங்கியது. அந்த நிரல் துண்டுகளை ஒவ்வொன்றாக மனிதர் உட்கார்ந்து பார்த்து நகர்த்தும் அளவுக்கு அந்த அமைப்பு சிறியது. எனக்குள் இன்றும் நெகிழ்ச்சி தரும் செய்தி அது.

அடுத்தது வாசல் பூட்டு. இதில் நான் ரொம்ப நாள் இரண்டு மனதாக இருந்தேன்.

சாதாரண உருளைப் பூட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் லினஸ் யேல் ஜூனியர். 1860-களில் காப்புரிமை பெற்றார். உள்ளே வரிசையாக ஐந்தாறு சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், மேலே ஒரு மெல்லிய சுருள்வில். சாவி இல்லாதபோது பின்கள் உருளைக்குக் குறுக்கே நின்று திரும்பவிடாமல் தடுக்கும். சரியான சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு பின்னையும் வேண்டிய உயரத்துக்கு மட்டும் தூக்கும். இரண்டு பின்களும் சந்திக்கும் இடைவெளிகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்க, உருளை திரும்பிவிடும். பேட்டரி இல்லை, சிக்னல் இல்லை. கொஞ்சம் இறுகினால் கிராஃபைட் தூள் போட்டால் போதும். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இதன் பலவீனங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை: சாவி தொலையும், சாவிக்குப் போலி எடுக்கலாம், கைதேர்ந்தவர் கம்பி விட்டுத் திறக்கலாம்.

ஸ்மார்ட் பூட்டு இந்த முதல் இரண்டு பலவீனங்களையும் நேரடியாகத் தீர்க்கிறது. வேலைக்கு வருபவருக்குத் தனி எண் கொடுத்து அதை நாளைக்கே ரத்து செய்யலாம். சாவியை அடிக்கடி மறந்துவிடும் பெரியவர் இருக்கும் வீட்டில் விரல்ரேகை பெரிய நிம்மதி. ஊரில் இல்லாதபோது உறவினர் வந்து நின்றால் தூரத்திலிருந்தே திறந்துவிடலாம். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆனால் கெட்ட நாளைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற நிறுவனம் தன் பூட்டுகளுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. வேறு மாடலுக்கான மென்பொருள் தவறுதலாகப் போய்விட்டது. சுமார் 500 பூட்டுகள் சர்வரோடு, அதாவது நிறுவனத்தின் மையக் கணினியோடு, தொடர்பு இழந்தன. தொடர்பே இல்லாததால் தூரத்திலிருந்து சரிசெய்யவும் வழியில்லை. பூட்டின் பின்பகுதியைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுப் பூட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் இருந்த பொருளின்மீது, அவர்களைக் கேட்காமலே, வேறொருவர் வேலை செய்தார்.

இந்த வகைப் பொருள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிவால்வ் என்று வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஒரு பெட்டி இருந்தது. வாழ்நாள் சேவை என்று சொல்லித்தான் விற்றார்கள். 2014-இல் நெஸ்ட் நிறுவனம் ரிவால்வை வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியது. வீடுகளில் இருந்த பெட்டிகள் பழுதாகவில்லை. ஆனால் அன்றோடு அவை எதற்கும் பயன்படவில்லை. சாவிப்பூட்டைச் செய்த நிறுவனம் மூடிப்போனால் பூட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

சரி, என்ன முடிவு? வாசல் கதவுக்குச் சாவிப்பூட்டு. மறதியுள்ள பெரியவர் வீட்டிலிருந்தால் எண் அழுத்தும் பூட்டு. ஆனால் சாவித்துளையும் உள்ளதாக, சர்வர் இல்லாமலே தானாக இயங்குவதாக. சாவித்துளை இல்லாத, செயலி வழியாக மட்டுமே திறக்கும் பூட்டை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஓட்டும்போது தொட வேண்டியவை எல்லாம் நிஜமான பொத்தானாகவும் குமிழாகவும் இருக்க வேண்டும்.

ஸ்வீடனின் வி பிலாகாரே என்ற கார் பத்திரிகை 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி அலைவரிசை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். 2005-ஆம் ஆண்டின் வால்வோ வி70, எல்லாம் பொத்தான்கள், நான்கையும் 10 விநாடியில் முடித்தது. அதற்குள் கார் போன தூரம் 306 மீட்டர். தொடுதிரை வைத்த புதிய கார்களில் கடைசியாக வந்ததற்கு 45 விநாடி ஆனது; 1,372 மீட்டர். ஓட்டுநர்கள் முன்கூட்டியே அந்தத் திரைகளைப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள். காரணம் எளிது. குமிழை விரல் கண்டுபிடிக்கும். கண் சாலையிலேயே இருக்கலாம். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, ஒவ்வொரு முறையும் கண்ணைக் கூப்பிட வேண்டும்.

இதன் விலையை அமெரிக்கக் கடற்படை உயிர்களாகக் கொடுத்தது. 2017 ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் அருகே யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானும் வேகமும் தொடுதிரை வழியாகக் கட்டுப்படுத்தப்பட்ட கப்பல் அது. ஒரு கட்டுப்பாட்டு மேசையிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டுப்பாடு மாறியது, சுக்கான் பிடித்தவருக்குத் தெரியவில்லை. கப்பல் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்தார். வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது இரண்டு சுழலிகளின் கட்டுப்பாடும் இணைந்திருக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் குறைந்து கப்பல் இடப்பக்கம் திரும்பியது. நிஜமான இரண்டு நெம்புகோல்கள் கைக்கடியில் இருந்திருந்தால், ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் நிற்பதைக் கையே சொல்லியிருக்கும். பயிற்சியில் இருந்த குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. பழி முழுவதும் திரைமீது மட்டும் இல்லை. ஆனாலும் 2019-இல் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் கையால் தள்ளும் நெம்புகோல்களையே திரும்பப் பொருத்துவதாக அறிவித்தது.

கார்களைத் தரம் பார்க்கும் யூரோ என்கேப் அமைப்பும் இதே பக்கம் வந்திருக்கிறது. 2026 முதல் அதன் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இவை ஐந்துக்கும் நேரடியான கட்டுப்பாடு இருக்க வேண்டும். கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமிலேயே ஒன்று செய்து பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியின் பனி நீக்கும் பொத்தானைத் தேடுங்கள். கை போய்ச் சேர்ந்தால் அந்தக் கார் பரவாயில்லை.

வீட்டுப் படங்கள், கடிதங்கள், பத்திரங்கள் விஷயம் சுருக்கமாக. 1086-இல் இங்கிலாந்தில் நிலக் கணக்கெடுப்பு ஒன்றைத் தோலில் எழுதி வைத்தார்கள்; டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி அதே பெயரில் ஒரு நவீனக் கணக்கெடுப்பை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்களித்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் அந்த டிஸ்க்கைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. உள்ளே இருந்ததை மீட்கத் தனி ஆய்வுத் திட்டமே தேவைப்பட்டது. தோலில் எழுதியதை இன்றும் திறந்து படிக்கலாம். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய படங்களை அச்செடுத்து வையுங்கள். கிளவுடில் பிரதி இருக்கட்டும். தேடுவதற்கும் பகிர்வதற்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் மறந்துபோன ஒரு கடவுச்சொல்லோடு உங்கள் அப்பாவின் முகம் போய்விடக் கூடாது.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட மனமில்லை. உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வாய்விட்டுச் சரிபார்க்க 19 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் செய்தது. எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரு தாளும், அதைச் சத்தமாகப் படிக்கும் ஒரு மனிதரும்.

புதியது தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு; அவற்றில் பழையதைப் பிடித்துத் தொங்குவது தவறு. பாதரச வெப்பமானி அழகான பொருள், பேட்டரி வேண்டாம். ஆனால் உடைந்தால் நஞ்சு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2020-க்குப் பிறகு அதன் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது சரியான முடிவு. டிஜிட்டல் வெப்பமானியே வாங்குங்கள். குண்டு பல்பு 60 வாட்டில் தரும் வெளிச்சத்தை எல்இடி 9 வாட்டில் தருகிறது. வண்டியில், சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் இருக்கட்டும். அது பழுதானாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். கவனித்தீர்களா, இந்த வெற்றிகளில் எதற்கும் செயலி வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், நாம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். பழுதானாலும் நம்மை நடுத்தெருவில் விடுவதில்லை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் மேலாக இருப்பதால்தான் அவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

பழையதைத் தேர்ந்தெடுத்தால் பின்தங்கிவிடுவோமோ என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவில் கருவிகளை வடிவமைத்த குன்பெய் யோகோயியைச் சொல்வேன். எல்லோரும் கரைத்துக் குடித்துவிட்ட, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989-இல் வந்த அவர்களுடைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் நிறமில்லாத மங்கலான திரை, நான்கு சிறு பேட்டரி. அடுத்த வருடம் போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணத்திரை, பின்னொளி, ஆறு பேட்டரி. கேம் கியர் நாலைந்து மணி நேரத்துக்குள் பேட்டரிகளைக் காலி செய்துவிடும். கேம் பாய் அதைப்போல் பல மடங்கு தாங்கும். கேம் கியர் சுமார் ஒரு கோடி விற்றது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து சுமார் 11 கோடியே 87 லட்சம். பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது பயணம் முடியும்வரை அணையாத ஒரு பெட்டி.

நான் வாங்கியது இரட்டைத் தொட்டி மெஷின். துணியை அள்ளிப் போட எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அது குறைகிற வயதில் மேலே சொன்ன நடுவழிக்குப் போய்க்கொள்வேன். வந்த அன்றே பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் பின்தகட்டின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மோட்டார், கெப்பாசிட்டர், டைமர், எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று முழு வயரிங் வரைபடம். அதை ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டு, தகட்டை மாட்டி, குமிழைத் திருகிவிட்டேன். டிக் டிக் சத்தம் கேட்டது.